லோரியின் ஐந்தாவது ஆல்பமும் நான் சொன்ன தப்புக் கணக்கும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இதுவரை பிறந்த தமிழர்களில் அதிகச் சத்தம் போட்டவர் லோரிதான். மறுப்பவர்கள் அவருக்கு அடுத்த வீட்டில் இருபத்தேழு வருடம் குடியிருந்துவிட்டு வந்து பேசலாம். நான் இருந்திருக்கிறேன். இன்னும் இருக்கிறேன். ஈப்போவில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரில் அவருடைய கிட்டார் சத்தத்தால் போன வருடம்வரை விழுந்த விரிசல்கள் பதினான்கு. அதில் மூன்று என் பக்கம்வரை வந்திருந்தன.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. முப்பது வருடம் மரக்கட்டை ஏற்றும் லோரி ஓட்டியதால் ஊருக்கு அவர் லோரி. வயது அறுபத்தொன்பது. தோள்வரை வெள்ளை முடி, அதைக் கட்ட ஒரு சிவப்பு ரப்பர் பேண்ட். எந்த வெயிலிலும் கறுப்புத் தோல் ஜாக்கெட். அந்த ஜாக்கெட்டில் பதினொரு ஜிப்; வேலை செய்வது நான்கு. சிம்பாங் பூலாய் சந்திப்பில் உச்சி வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை மயங்கி விழுந்திருக்கிறார். தூக்கிவிடப் போன எங்களிடம், "ஜாக்கெட்ட கழட்டாதீங்கலா, ஸ்டைல் போயிரும்" என்று கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

நான் ஓய்வுபெற்ற மருத்துவமனை ஸ்டோர் கிளார்க். முப்பத்து நான்கு வருடம் போர்வை, தலையணை, பெட்பான் எண்ணியவன். ஒரு பெட்பான் குறைந்தால் எனக்குச் சோறு இறங்காது. அதனால் லோரி எனக்கு வைத்த பெயர் கிராணி. தோட்டத்தில் ஆள் கணக்கு எழுதும் குமாஸ்தாவை அப்படித்தான் சொல்வோம்.

நாங்கள் இருவரும் பத்து காஜா என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரே ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். அங்கே விடிகாலையில் பெரட்டு நடக்கும். எல்லாரையும் வரிசையாக நிறுத்திக் கிராணி பெயர் கூப்பிடுவார். கூப்பிட்டவர் "இருக்கேன்!" என்று குரல் கொடுக்க வேண்டும். யாராவது காய்ச்சலில் கிடந்தால், பின்வரிசையிலிருந்து வேறொருவர் அவருக்காக "இருக்கேன்!" என்று சொல்லிவிடுவதும் உண்டு. கிராணி தலையை நிமிர்த்துவார், ஒரு கணம் பார்ப்பார், பிறகு புத்தகத்தில் குனிந்துகொள்வார். சிறு வயதிலேயே எனக்கு இது பிடிக்காது. இல்லாத ஆளை இருக்கிறான் என்றால் கணக்கு என்ன ஆவது?

லோரிக்கு அந்தப் பெரட்டுதான் சங்கீதப் பள்ளிக்கூடம். பத்தொன்பது வயதில் தோட்டத்துப் பழைய தகரக் கொட்டகையில் மூன்று கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு ஒரு ஹார்ட் ராக் குழு தொடங்கினார். டிரம்ஸ் மணியம், பேஸ் கிட்டார் தோமஸ், லீட் கிட்டார் சின்னராசு. பாட்டும் மிச்சச் சத்தமும் லோரி. குழுவின் பெயரும் 'தகரக் கொட்டகை'தான். கேட்டவர்கள் பொருத்தமான பெயர் என்றார்கள். பாராட்டு என்று நினைத்து இவர்கள் நன்றி சொன்னார்கள்.

உலகத்தில் மற்ற குழுக்கள் ஒன், டூ, த்ரீ, ஃபோர் என்று எண்ணிவிட்டுப் பாட்டைத் தொடங்கும். இவர்கள் பெரட்டு எடுத்துத் தொடங்குவார்கள்.

"மணியம்!" என்று லோரி கத்துவார். "இருக்கேன்!"

"தோமஸ்!" "இருக்கேன்!"

"சின்னராசு!" "இருக்கேன்!"

கடைசியில் "லோரி!" என்று தன்னையே கூப்பிட்டு, தானே "இருக்கேன்!" என்பார். அடுத்த அடியில் இடி விழும். ஒரு பெயர் ஓர் அடி, ஒரு பதில் ஓர் அடி, மொத்தம் எட்டு. எட்டும் ஒருநாளும் பிசகியதில்லை. நான் எண்ணியிருக்கிறேன்.

பத்து காஜாவில் ஒரு கல்யாணத்துக்கு வாசிக்கப் போனார்கள். முதல் பாட்டு 'கொசு'. அது முடிவதற்குள் ஏழு குழந்தைகள் அழுதன, இருபத்திரண்டு விருந்தாளிகள் சமையல் கட்டுக்குக் குடிபோனார்கள், மாப்பிள்ளை மட்டும் மேடையில் நின்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். இன்னொரு முறை எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், வாசித்தபோது இருபத்தாறு வீட்டில் மின்சாரம் போனது. அதில் என் வீடும் ஒன்று. குக்கரில் அரிசி பாதி வேக்காட்டில் நின்றது. சண்டை போடப் போனேன்.

"பாதி வெந்தா என்னாலா கிராணி, பாதி சாப்பிடு" என்றார்.

வீட்டில் அவர் ஆம்ப்ளிஃபயரை வைத்திருந்தது குளியலறையில். அங்கேதான் எதிரொலி நன்றாக இருக்கிறதாம். அவர் மனைவி பார்வதி வாரத்தில் மூன்று நாள் துண்டும் சோப்புமாக எங்கள் வீட்டுக்கு வருவார்.

"அண்ணே, அவரு உள்ள பாட்டு போடுறாரு. நான் இங்கயே குளிச்சிட்டுப் போறேன்."

"கதவைத் தட்டக் கூடாதாம்மா?"

"தட்டுனேன். தாளம் நல்லா இருக்கு, அப்படியே அடின்னாரு."

இப்படியே நான்கு ஆல்பம் போட்டார்கள். நான்கும் கேசட். நான்காவதை வாங்கியவர்களில் பாதிப்பேர் உறவினர்கள், மீதிப்பேர் அந்த உறவினர்களிடமிருந்து கட்டாயமாகப் பெற்றுக்கொண்டவர்கள். பிறகு பிழைப்பு எல்லாரையும் பிரித்தது. சின்னராசு தஞ்சோங் மாலிமில் கார் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டார். ஆனாலும் வருடத்துக்கு இரண்டு முறை கிட்டாரோடு ரயிலேறி வந்து, லோரி வீட்டுக் குளியலறை வாசலில் உட்கார்ந்து வாசித்துவிட்டுப் போவார். மூன்று வருடத்துக்கு முன் அவர் இறந்தார். சாவு வீட்டில் லோரி வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு ஏழு மாதம் என் சுவர் அமைதியாக இருந்தது. அந்த அமைதியில் எனக்குத் தூக்கம் வரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

போன வருடம் ஒருநாள் காலையில் லோரி கொல்லைப்புறச் சுவருக்கு மேலே தலையை நீட்டினார்.

"கிராணி, அஞ்சாவது ஆல்பம் போடப் போறோம்."

"இந்த வயதிலா?"

"வலது காது போன வருஷமே போயிருச்சி. இடது காதும் ரொம்ப நாள் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அது போறதுக்குள்ள எங்க பாட்ட ஒரு தடவ ஒழுங்கா பதிவு பண்ணி, என் காதால கேட்டுறணும்லா. வேற ஆசை இல்ல. நீயும் வா. ஒரு பாட்ட எத்தன தடவ எடுக்கிறோம்னு எண்ண ஆள் வேணும்."

எண்ண ஆள் வேண்டும் என்றால் நான் எப்படி மறுப்பேன்?

ஈப்போவில் ஒரு கடைவீட்டு மாடியில் ஸ்டுடியோ. நடத்துபவர் ஸ்டெல்லா, நாற்பத்தைந்து வயது, தேவாலயப் பாடகர் குழுக்களைப் பதிவு செய்பவர். மேலே போகப் பத்தொன்பது படி. தோமஸின் முழங்கால் ஒன்பதாவது படியில் ஓய்வு கேட்டது. சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டை, முந்நூற்று எண்பத்தாறு. மூன்று இசைக் கலைஞர்களுக்கும் சேர்த்துக் காதுகள் ஆறு. அதில் கேட்பவை நான்கு. ஒரு நாளைக்கு மூவரும் விழுங்கும் மாத்திரை இருபத்து மூன்று.

முதலில் 'மழை நாள்' என்ற பாட்டு. மழை பெய்தால் தோட்டத்தில் பால்மரம் வெட்டு இல்லை, தூங்கலாம் என்கிற மகிழ்ச்சியை ஒன்பது நிமிடம் கதறிச் சொல்லும் பாட்டு.

"ஒம்போது நிமிஷமா?" என்றார் தோமஸ். "மச்சான், இந்த வயசுல ஒம்போது நிமிஷம் ஒண்ணுக்குப் போகாம நிக்க முடியுமா? அத யோசிச்சியா?"

"இப்பவே போயிட்டு வா."

"இப்பதான் போயிட்டு வந்தேன். அதான் பயமா இருக்கு."

ஸ்டெல்லா கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கையைக் காட்டினார். லோரி மூச்சை இழுத்தார்.

"மணியம்!" "இருக்கேன்!" "தோமஸ்!" "இருக்கேன்!"

"சின்னராசு!"

ஒன்றுமில்லை. அந்த இடத்தில் ஓர் அடி அகலத்துக்குப் பள்ளம். லோரி தடுமாறி "லோரி! இருக்கேன்!" என்று முடித்தார். மணியத்தின் கை மடியிலேயே கிடந்தது. பாட்டு தொடங்கவில்லை.

"அடிக்க வேண்டியதுதானே?" என்றார் தோமஸ்.

"சின்னராசு இருக்கேன்னு சொன்னாதான் நான் வலது கைய தூக்குவேன். இத்தன வருஷமா அப்படித்தான். எனக்கு எட்டு வரைக்கும் எண்ணத் தெரியாதுலா" என்றார் மணியம்.

ஒரு டிரம்ஸ்காரருக்கு எட்டு வரை எண்ணத் தெரியாது என்பதை நான் அன்றுதான் அறிந்தேன். என் ரத்த அழுத்தம் அப்போது ஏறியது. இன்னும் முழுதாக இறங்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை பதினொரு முறை எடுத்தோம். பதினொன்றும் அதே பள்ளத்தில் விழுந்தன. அடுத்த சனிக்கிழமை ஸ்டெல்லா காதுக்குள் டிக் டிக் என்று தாளம் கொடுக்கும் கருவியை மாட்டிவிட்டார். மணியம் இரண்டே நிமிடத்தில் அதைக் கழற்றி எறிந்தார். "உள்ள எவனோ ஆணி அடிக்கிறான்லா!" அன்று பதினான்கு முறை.

மூன்றாவது சனிக்கிழமை ஸ்டெல்லா தயங்கித் தயங்கிச் சொன்னார். "அங்கிள், கோவிச்சுக்காதீங்க. அந்த ஒரு பேர எடுத்துட்டா என்ன? மூணு பேரு போதுமே."

லோரி கிட்டாரின் வாரை இழுத்துச் சரிசெய்துகொண்டார். பிறகு சரி என்றார். தோமஸுக்கு அடுத்து நேராக "லோரி" என்று வர வேண்டும். அவர் வாயைத் திறந்தார். வந்தது "சின்னராசு!" மறுபடி முயன்றார். மறுபடியும் "சின்னராசு!" பதினாறு முறை முயன்றார். பதினாறு முறையும் அந்தப் பெயர்தான் வந்தது. மொத்தம் நாற்பத்தொன்று.

லோரி கிட்டாரைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தார். ஜாக்கெட்டையும் கழற்றினார். அவர் அதைப் போடத் தொடங்கியதிலிருந்து முதல் முறையாக அவரை ஜாக்கெட் இல்லாமல் பார்த்தேன். உள்ளே மிகவும் சிறிய ஆளாக இருந்தார்.

"வேணாம்லா. மூட்டையைக் கட்டு" என்றார்.

"லோரி, உன் காது..." என்றேன்.

"காது போனா போவட்டும். பெரட்டுல ஒரு பேர வெட்டுனா, அவன் வேலைய விட்டு நின்னுட்டான்னு அர்த்தம் கிராணி. அவன் நிக்கலையே. நான் எப்படி வெட்டுறது?"

தோமஸ் முட்டை அட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மணியம் குச்சிகளைப் பையில் போடத் தொடங்கினார். எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை. "நாற்பத்தொன்று ஒற்றைப்படை. அப்படி விட்டுவிட்டுப் போனால் எனக்குச் சரிப்படாது. ஒரே ஒரு முறை" என்றேன்.

"ஒன் தொல்லை தாங்கலலா" என்று முணுமுணுத்துக்கொண்டே லோரி கிட்டாரை மாட்டினார். ஜாக்கெட்டைப் போடவில்லை.

"மணியம்!" "இருக்கேன்!"

"தோமஸ்!" "இருக்கேன்!"

"சின்னராசு!"

"இருக்கேன்!"

இருமல் மருந்து குடித்தவனைப் போல மெலிந்து நடுங்கிய ஒரு குரல். அது என்னுடையது என்று எனக்கே சற்றுப் பிந்தித்தான் புரிந்தது. மணியத்தின் வலது கை மேலே போனது. "லோரி! இருக்கேன்!" அதற்கப்புறம் அந்த மாடியில் விழுந்த இடியை முந்நூற்று எண்பத்தாறு முட்டை அட்டைகளாலும் தடுக்க முடியவில்லை. கீழே கோப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து தெருவுக்கு வந்து அண்ணாந்து பார்த்தார்களாம். ஒன்பது நிமிடம், பதினொரு விநாடி. தோமஸ் நடுவில் எங்கும் போகவில்லை.

பாட்டு முடிந்தது. ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை. லோரி மட்டும் தலையை நிமிர்த்தினார். ஒரு கணம் பார்த்தார். நான் எண்ணுவதற்கு ஏதாவது கிடைக்குமா என்று கூரையைத் தேடினேன். பிறகு அவர் கிட்டார் மேல் குனிந்துகொண்டார்.

"அடுத்த பாட்டு" என்றார்.

மீதி ஏழு பாட்டையும் இரண்டு சனிக்கிழமையில் முடித்தோம். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு பெரட்டு. ஸ்டெல்லா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அங்கிள், உங்க குரல் கொஞ்சம் நடுங்குது. கம்ப்யூட்டர்ல சரி பண்ணிறவா?" என்று கேட்டார். லோரிக்கு எப்படித்தான் கேட்டதோ, அந்தக் கோடியிலிருந்து கத்தினார்: "கை வைக்காதம்மா! எல்லா ஆளும் சரியா இருக்கு!"

முப்பத்து நான்கு வருடத்தில் இல்லாத ஒரு தலையணையைக்கூட இருப்பதாக எழுதாதவன் நான். அந்த ஆல்பத்தில் எட்டு முறை பொய்க் கணக்கு சொல்லியிருக்கிறேன். அட்டையில் நான்கு பெயர் போட்டிருக்கிறது. அதில் என் பெயர் இல்லை, சின்னராசு பெயர் இருக்கிறது. எண்ணிப் பார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது.

ஆல்பம் வந்த நாளிலிருந்து லோரி தினமும் காலையில் அதை முழுச் சத்தத்தில் வைத்து, இடது காதை ஒலிபெருக்கிப் பெட்டியோடு ஒட்டிக்கொண்டு கேட்கிறார். பார்வதி தினமும் எங்கள் வீட்டில்தான் குளிக்கிறார். சுவரில் விரிசல் பதினாறு ஆகிவிட்டது. என் பக்கம் வந்தவை ஐந்து. போன வாரம் கொத்தனார் வந்து பார்த்துவிட்டு, பூசித் தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். அதன் வழியாகத்தான் லோரி குரல் எனக்குத் தெளிவாகக் கேட்கிறது.