அறுபத்து நாலு சுற்று

கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் லிஃப்ட் மெக்கானிக் மனைவியை எதிர்த்து எடுத்த தீர்மானம் ஒன்றே ஒன்றுதான். டவரில் இரண்டாவது ஆன்டெனாவையும் மாட்டுவது.

வீட்டிலிருந்தே ஊர் உலகத்தோடு பேசுகிற ஹாம் ரேடியோ அவருடைய பைத்தியம். கொல்லையில் நின்ற டவர் மூன்று துண்டு, ஒன்றுக்குள் ஒன்று. கைப்பிடியை அறுபத்து நாலு சுற்று சுற்றினால் எஃகுக் கயிறு இழுத்து, ஐம்பது அடிக்கு நீளும். அதைச் சுற்றிச் சுற்றியே அவருக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. டாக்டர் ஆறு வாரத்துக்குப் பட்டை கட்டிவிட்டார். வானம் இருக்கிறதா என்பதையே பிறர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை.

ரேடியோ நண்பர்கள் இருவர் வந்து, இறக்கியிருந்த டவரில் புது ஆன்டெனாவை மாட்டிவிட்டுப் போனார்கள். ஏற்றுகிற வேலை மனைவி தலையில் விழுந்தது. அவள் தையல்காரி; எதையும் அளக்காமல் தொடமாட்டாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு டவரோடு வந்த புத்தகத்தை வரி விடாமல் படித்தாள்.

"என்னங்க, நீட்டி நிறுத்தினா பத்து சதுர அடி ஆன்டெனாதான் காத்துல தாங்குமாம். இறக்கி வெச்சா இருபது. நீங்க மாட்டினது ரெண்டும் சேர்ந்து பதினெட்டு."

"லிஃப்ட்ல எட்டு பேர்னு எழுதுவோம். பன்னெண்டு பேர் ஏறுவாங்க. என்னிக்காவது விழுந்திருக்கா?"

"லிஃப்டுக்குக் காத்தடிக்குமா?"

கழுத்துப் பட்டை இருந்ததால் கம்பீரமாகவே ஹெட்போனைத் துடைக்க ஆரம்பித்தார். கப்பியில் உரசுகிற இடத்தில் கயிறு முதலில் நைந்துபோகும் என்று அவள் காட்டினாள். துணி கிழிவதற்கு முன் தையல்தான் விடும் என்றாள். விட்டால் டவர் நேராக நம் கட்டில் மேல்தான் என்றும் சொல்லிப் பார்த்தாள்.

"ஏத்து," என்றார்.

போனாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தவருக்கு அவள் உரக்க எண்ணுவது மட்டும் மங்கலாகக் கேட்டது. கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"அறுபத்து நாலு எண்ணியாச்சுங்க."

அந்த வாரம் கடல் தாண்டியெல்லாம் குரல்கள் கேட்டன. எல்லாம் உயரத்தின் மகிமை என்று அத்தனை குரல்களிடமும் சொன்னார்.

பத்தாம் நாள் மத்தியானம் காற்று கிளம்பியது. பக்கத்து வீட்டுத் தண்ணீர்த்தொட்டி மூடி மூன்று தெரு பறந்து, பல் டாக்டர் வாசலில் நோயாளிகளோடு வரிசையில் போய் நின்றது. மெக்கானிக்குக்குக் கட்டில் நசுங்குவது கண்ணை மூடினாலும் தெரிந்தது. தலையணையைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்கு வந்தவர், இங்கேதான் நல்ல காற்றோட்டம் என்றார். அவள் தைத்துக்கொண்டிருந்தாள்.

காற்று ஓய்ந்தது. கட்டில் முழுசாக இருந்தது. மெக்கானிக் உடம்போடு மனைவி பக்கம் திரும்பினார்.

"பாத்தியா? பதினெட்டையும் தாங்கிடுச்சு. புத்தகம் எழுதினவன் பயந்தாங்கொள்ளி. மூணாவதையும் மாட்டப்போறேன். போய் டவரை இறக்கு."

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"அது இதுக்குக் கீழ இறங்காதுங்க."