பிறந்தநாள்காரருக்குப் பழத்தட்டு

"உள்ள என்னதாங்க பண்றீங்க?"

குளியலறைக் கதவுக்கு வெளியே மனைவியின் குரல். உள்ளே தராசுக்காரர் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, ஆள் எடை பார்க்கும் மெஷினை மடியில் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு, அதன் அடிப்பக்கம் இருந்த சின்னச் சக்கரத்தை நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தார்.

"முகம் கழுவறேன்."

"தண்ணிச் சத்தமே கேக்கலையே?"

தராசுக்காரர் எட்டிக் குழாயைத் திறந்துவிட்டார்.

"இப்பக் கேக்குதா?"

"கேக்குது. சீக்கிரம் வாங்க. மெஷின் எங்கன்னு அக்கா தேடறா."

அன்றைக்கு அவருடைய ஐம்பதாவது பிறந்தநாள். கூடத்தில் மேஜைமேல் மூன்றடுக்குச் சாக்லேட் கேக் ஒன்று அவர் பெயரைத் தாங்கிக்கொண்டு காத்திருந்தது. அதில் அவருக்கு ஒரு துண்டு கிடைக்குமா என்பதுதான் கேள்வி. காரணம், பெரியக்கா.

பெரியக்கா என்பது மனைவியின் அக்கா. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். வீட்டிலும் அவள் கழுத்தில் விசில் தொங்கும். அவளுடைய கணவருக்கு, அதாவது நம்மவரின் சகலைக்கு, ஒருமுறை விருந்து முடிந்த கையோடு நெஞ்சு வலித்தது. வெறும் வாயு என்றார் டாக்டர். பெரியக்கா அதை நம்பவில்லை. அன்றிலிருந்து குடும்ப விசேஷங்களெல்லாம் அவள் வீட்டில்தான், அவள் சட்டப்படிதான். கேக்குக்கு முன்னால் எல்லோரும் மெஷினில் ஏற வேண்டும். போன விசேஷத்தைவிட எடை கூடாமல் இருந்தால் கேக். கூடியிருந்தால் பழத்தட்டு. எழுதி வைக்கிற வேலையெல்லாம் கிடையாது. யார் யார் எத்தனை கிலோ என்பது பெரியக்காவுக்கு மனப்பாடம்.

பழத்தட்டு வாங்கியவரின் கேக் துண்டு வீணாகாது. மாமனாருக்குப் போகும். ஊதினால் பறந்துவிடுகிற மாதிரி இருப்பார் மாமனார். கொஞ்சம் சதை போடட்டும் என்று டாக்டரே சொல்லியிருந்ததால் அவரை யாரும் மெஷினில் ஏற்றுவதில்லை.

தராசுக்காரர் தொடர்ந்து மூன்று விசேஷங்களாகப் பழத்தட்டு வாங்கியிருந்தார். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. திருட்டுத்தனமாகத் தின்றுவிட்டு மாட்டிக்கொண்டால்கூட ஒரு நியாயம் இருக்கும். அவரோ டீயில் சர்க்கரையை விட்டார். ராத்திரி வெள்ளரிக்காய் தின்றுவிட்டுப் படுத்தார். விடிந்ததும் நாய்கள் துரத்தத் துரத்த நடந்தார். அப்படியும் ஏறி நின்றால் முள் மேலேதான் போயிற்று. போன தடவை பப்பாளித் துண்டை வாயில் போட்டுக்கொண்டே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மிளகுத்தூள் என்று சமாளித்தார்.

அவருடைய தொழிலோ தராசுகளைச் சோதித்து முத்திரை வைப்பது. ஊர்க் கடைக்காரர்கள் அவர் தலையைக் கண்டாலே நிமிர்ந்து உட்காருவார்கள். இத்தனை வருஷத்தில் ஒரு கிராம் பொய்க்குத் துணை போனதில்லை. அப்பேர்ப்பட்டவர்தான் இப்போது சக்கரத்தைத் திருப்பி, முள்ளை இரண்டு கிலோ பின்னுக்கு இழுத்துவிட்டு, கைகழுவிக்கொண்டு, மெஷினோடு வெளியே வந்தார். வெறும் மெஷினில் முள் எங்கே நிற்கிறது என்று உலகத்தில் யாரும் பார்ப்பதில்லை. அது அவருக்குத் தொழில்முறையில் தெரியும்.

பெரியக்கா விசில் ஊதினாள்.

"வரிசையா வாங்க. பிறந்தநாள்காரர் கடைசி."

முதலில் சகலை ஏறினார். பெரியக்கா குனிந்து முள்ளைப் பார்த்தாள். இன்னொரு தரம் பார்த்தாள்.

"ரெண்டு கிலோ குறைஞ்சிருக்கீங்க!"

"நானா?" என்றார் சகலை. ஆபீசுக்குப் பக்கத்தில் இருக்கும் பேக்கரியில் அவருக்குத் தனி நாற்காலியே உண்டு. ஆனாலும் சட்டென்று சுதாரித்துக்கொண்டார். "பின்ன? வாயைக் கட்டறதுன்னா சும்மாவா? எனக்கு ஓரத்துத் துண்டா வெட்டு. அதுலதான் கிரீம் ஜாஸ்தி."

அடுத்து மனைவி. அவளுக்கு ஒன்றரைக் கிலோ குறைவு. நம்ப முடியாமல் இறங்கி, இடுப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டு, கணவரைப் பார்த்து வெட்கத்தோடு சிரித்தாள். கல்யாணமான புதிதில் சிரித்த அதே சிரிப்பு. தராசுக்காரருக்கு உள்ளுக்குள் என்னவோ செய்தது. ஆனாலும் திட்டம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அடுத்து பெரியக்காவின் மகள் ஏறினாள். காலேஜில் படிக்கிற பெண். இயற்கையிலேயே குச்சி மாதிரி இருப்பாள். தராசுக்காரர் அவளை யோசிக்கவே இல்லை.

பெரியக்காவின் முகம் வெளிறிப் போயிற்று.

"ரெண்டு கிலோ போயிடுச்சே! இருந்ததே கொஞ்சம், அதுலயும் ரெண்டு கிலோவா? காலேஜ்ல ஒழுங்கா சாப்பிடறியா இல்லையாடி?"

"சாப்பிடறேம்மா. இப்பக்கூட ரெண்டு தட்டு சாப்பிட்டேன்."

"ரெண்டு தட்டு சாப்பிட்டும் உடம்பு இறங்குதா?" இப்போது பெரியக்கா நிஜமாகவே பயந்துவிட்டாள். "அப்போ இது வேற ஏதோ. படு. முதல்ல படு!"

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா."

"ஒண்ணும் இல்லைன்னு சொல்றதுதான் முதல் அறிகுறி."

சுவரோரம் பாய் விரிக்கப்பட்டது. அந்தப் பெண்ணை மல்லாக்கப் படுக்கவைத்து, கால் இரண்டையும் தூக்கி முக்காலிமேல் வைத்தாள் பெரியக்கா. பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுகிற பிள்ளைகளுக்கு அதுதான் முதலுதவி. தராசுக்காரரின் மனைவி குளுக்கோஸ் கரைத்துக்கொண்டு ஓடிவந்தாள். சகலை மட்டும் அசையவில்லை. அவர் வாயில் ஓரத்துத் துண்டு இருந்தது.

"என் சட்டமே என் பிள்ளைக்கு எமனாயிடுச்சு" என்று பெரியக்கா மூக்கை உறிஞ்சினாள். "தம்பி, தப்பா நினைக்காதீங்க. கேக்கை எடுத்து உள்ள வச்சிடலாம். டாக்டரைப் பார்த்துட்டு வந்து இன்னொரு நாள் கொண்டாடிக்கலாம்."

தராசுக்காரர் கேக்கைப் பார்த்தார். கேக் போகிறது. அது பெரிதில்லை, ஒரு நல்ல பிள்ளையை ஊசி போடுகிற இடத்துக்கு வேறு தூக்கிக்கொண்டு போகப் போகிறார்கள்.

"அண்ணி, அவசரப்படாதீங்க. இந்த இடத்துல தரை சமமா இல்ல. மெஷின் ஆடுது. சமையலறைத் தரையில வச்சுப் பார்த்துட்டு வரேன்."

சொன்னது தொழிலறிந்தவர் என்பதால் யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. சமையலறைக்குள் போய் மெஷினைக் கவிழ்த்துச் சக்கரத்தில் கைவைத்தார். அதே நேரம் மாமனார் உள்ளே நுழைந்தார்.

"என்ன மாப்பிள்ளை, கேக்கை இங்க கொண்டுவந்துட்டாங்களா?"

"இல்ல மாமா. கூடத்துலதான் இருக்கு."

"இல்ல, பத்திரமா இருக்கான்னு பார்த்தேன்."

அந்தப் பதற்றத்தில் சக்கரம் கை தவறிச் சுழன்றது. எங்கே நின்றது என்று பார்ப்பதற்குள் பெரியக்கா வாசலில் வந்து நின்றாள்.

"சரியாயிடுச்சா? கொண்டாங்க, நானே ஏறிப் பார்க்கறேன்."

கூடத்தில் மெஷினை வைத்தார்கள். பெரியக்கா ஏறினாள், சகலை குனிந்து பார்த்தார்.

"ரெண்டு கிலோ கூட இருக்கு" என்றார். அதைச் சொல்லும்போது குரலில் சந்தோஷம் தெரிந்துவிடக் கூடாதென்று பாவம் ரொம்பப் பாடுபட்டார்.

பெரியக்கா மெதுவாக இறங்கினாள். யாரையும் பார்க்காமல் நேராகப் போய்ப் பழத்தட்டை எடுத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இந்த மாசம் பூரா பிஸ்கட்டைக்கூடத் தொடலை" என்றாள், ஒரு திராட்சையைப் பார்த்து.

அந்த ஒரு வார்த்தையில் தராசுக்காரர் ஆடிப்போனார். அதே வலியைத்தானே மூன்று விசேஷமாக அவரும் முழுங்கிக்கொண்டிருக்கிறார்!

சகலைக்கு நாக்கில் சனி. "நான் மறுபடியும் பார்க்கறேன்" என்று ஏறினார். பெரியக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே எட்டிப் பார்த்தாள்.

"முதல்ல பார்த்ததுக்கு இப்போ அஞ்சு கிலோ ஏறியிருக்கு!"

"ஒரு துண்டுக்கு அஞ்சு கிலோவா?"

"நான் அப்பவே சொல்லலை? சர்க்கரைன்னா விஷம்!" பெரியக்காவின் குரலில் பழைய தெம்பு திரும்பிவிட்டது. "யாரும் கேக்கைத் தொடாதீங்க!"

"அட, துண்டே நூறு கிராம்தான் இருக்கும். எப்படி அஞ்சு கிலோ ஏத்தும்?"

"உள்ள போய் ஊறும்."

பாயில் படுத்திருந்த பெண், "அம்மா, நான் எழுந்திருக்கட்டுமா?" என்றாள்.

"அசையாதே!"

கடைசியில் சகலைதான் அந்த வார்த்தையைச் சொன்னார். "வீட்லயே தராசுக்கு முத்திரை குத்தற ஆளை வச்சுக்கிட்டு நாம ஏன் மண்டையை உடைச்சுக்கணும்? சகலை, நீங்க சொல்லுங்க. மெஷின் சரியா, தப்பா?"

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். மனைவி பெருமையோடு பார்த்தாள்.

"தம்பி சொன்னா சரியா இருக்கும்" என்றாள் பெரியக்கா. "அவர் பொய் சொல்லிப் பார்த்ததே இல்ல."

அதற்கு மேல் அவரால் முடியவில்லை.

"மெஷினைத் திருப்பினது நான்தான் அண்ணி" என்றார். "முதல்ல ரெண்டு கிலோ கீழ இறக்கினேன். அப்புறம் சரி பண்ணப் போய், கை தவறி மேல போயிடுச்சு. பாப்பாவுக்கு ஒண்ணும் இல்ல. உங்களுக்கும் ஒண்ணும் இல்ல."

"எதுக்குத் தம்பி?"

"கேக்குக்கு."

ஐம்பது வயது மனிதர், கடைக்காரர்களை நடுங்கவைப்பவர், தலையைக் குனிந்துகொண்டு அந்த ஒற்றைச் சொல்லைச் சொன்னார். மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒன்றரைக் கிலோ குறைந்ததாகச் சிரித்த சிரிப்பை எப்படித் திரும்ப வாங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"இப்பவே எல்லார் முன்னாடியும் சரி பண்ணிடறேன்" என்று வெளியே போய், வண்டியிலிருந்து தன் எடைக்கற்களைத் தூக்கிக்கொண்டு வந்தார். அரசாங்க முத்திரை போட்ட கற்கள். மெஷின்மேல் அவற்றை ஒவ்வொன்றாக ஏற்றி, இறக்கி, முள்ளை நூல் பிசகாமல் நிறுத்தினார். சகலையே குனிந்து பார்த்துத் தலையாட்டினார். சந்தேகத்துக்கு இடமே இல்லை.

முதலில் அந்தப் பெண்ணை எழுப்பி ஏற்றினார்கள். போன தடவை இருந்த அதே எடை. பெரியக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனாலும், "எதுக்கும் கொஞ்ச நேரம் படுத்திரு" என்று மறுபடியும் பாயில் படுக்கவைத்துவிட்டாள். சகலை தப்பித்தார், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மனைவி அரைக் கிலோ கூடியிருந்தாள். கணவரை ஒரு முறை முறைத்துவிட்டுப் பழத்தட்டை வாங்கிக்கொண்டாள். அவளுடைய துண்டு மாமனாருக்குப் போயிற்று. அவர் அதைக் கடமையாகச் சாப்பிட்டு முடித்தார்.

பெரியக்கா ஒரு கிலோ குறைந்திருந்தாள். சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டினாள்.

"விடுங்க தம்பி, நான் எதையும் மனசுல வச்சுக்கலை. உண்மையை ஒத்துக்கிட்டீங்கல்ல, அது போதும். வாங்க, ஏறுங்க. நீங்களும் குறைஞ்சுதான் இருப்பீங்க. பார்த்தாலே தெரியுது, கன்னமே ஒட்டியிருக்கு."

தராசுக்காரர் இடுப்பு பெல்ட்டைக் கழற்றினார். சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து மேஜைமேல் வைத்தார். கைக்கடிகாரத்தையும் கழற்றினார். எல்லோரும் முன்பக்கம் கூடி முள்ளை மறித்துக்கொண்டு நின்றார்கள். மாப்பிள்ளை தடுமாறிவிடக் கூடாது என்று, வழக்கம்போல மாமனார் பின்னால் வந்து ஒட்டி நின்று தோளைப் பிடித்துக்கொண்டார்.

"பார்த்து மாப்பிள்ளை. நேரா நில்லுங்க. கீழ குனியாதீங்க, முள் ஆடும்."

முள் ஏறியது. தயங்கியது. இன்னும் கொஞ்சம் ஏறி நின்றது.

"மூணு கிலோ..." பெரியக்காவுக்கே குரல் கம்மிவிட்டது. "கூட இருக்கு தம்பி."

சர்க்கரை இல்லாத டீ, வெள்ளரிக்காய், நாய்கள், எல்லாம் தராசுக்காரரின் கண்முன் வந்து போயின. வேறு யாராவது வைத்த மெஷினாக இருந்தால் சண்டை போடலாம். இது அவரே தன் கையால், தன் கற்களை வைத்துச் சரிபார்த்தது. இதைப் பொய் என்று சொன்னால் அவர் இத்தனை வருஷம் குத்திய முத்திரையெல்லாம் பொய்யாகிவிடும்.

"முள் என்ன சொல்லுதோ அதான் அண்ணி" என்றார். "தட்டைக் குடுங்க."

மனைவிக்குக் கோபமெல்லாம் போய்விட்டது. "இவர் நிஜமாவே பட்டினிதான்கா கிடந்தார். நான் பார்த்தேன்" என்றாள். பெரியக்கா பழத்தட்டை நீட்டினாள். அவரை நிமிர்ந்து பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை.

"வருத்தப்படாதீங்க மாப்பிள்ளை" என்றார் மாமனார், தோளை இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்துக்கொண்டு. "உங்க துண்டை வீணாக்காம நான் பார்த்துக்கறேன்."

தராசுக்காரர் மெஷின்மேல் நின்றபடியே தட்டை வாங்கக் கைநீட்டினார். அப்போதுதான் தரையோடு தரையாகப் படுத்திருந்த பெண் பாயிலிருந்து தலையை மட்டும் திருப்பினாள்.

"சித்தப்பா, முதல்ல தாத்தாவை மெஷின்லேர்ந்து அவர் காலை எடுக்கச் சொல்லுங்க."