இழுப்பறையில் ஒரு பதக்கம்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், எங்கள் ஆய்வகத் தலைவர் என்னைக் கூப்பிட்டார்.

"அந்த இழுப்பறையில டேப் இருக்கான்னு பாரும்மா."

திறந்து பார்த்தேன். "டேப் இல்ல சார். ஒரு தங்கப் பதக்கம்தான் இருக்கு."

"அடடா, அது அங்கயா கிடக்கு? அதை விடும்மா."

விட்டேன். இழுப்பறையை மூடினேன். அவர் காத்திருந்தார். நானும் காத்திருந்தேன்.

"என்ன பதக்கம்னு கேக்கலையே?"

"நீங்கதானே சார் விடச் சொன்னீங்க?"

"சொன்ன பேச்சைக் கேக்குற பொண்ணு," என்றார், ஏதோ நோயின் பெயரைச் சொல்வதுபோல. டேப் அவர் மேசைமேலேயே இருந்தது.

வாசகரே, பதக்கத்தை மறைத்துவைப்பவர் என்ற இனத்தை அன்றுதான் நேரில் பார்த்தேன். இவர்களைத் தற்பெருமைக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். தற்பெருமைக்காரர் தானே சொல்லிவிடுவார். இவர்களை நாம் கேட்க வேண்டும்.

குடுவை விற்க வருபவர், மின்விசிறியைப் பழுதுபார்க்க ஏணியோடு வருபவர், வழி தவறி உள்ளே நுழைந்தவர் என்று யார் வந்தாலும் தலைவர் உட்காரவைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, அந்தத் தண்ணீரைப் பற்றியே பேச ஆரம்பித்து, கிணற்று நீரில் ஆர்செனிக் கலப்பதைச் சொல்லி, அதை மலிவாகப் பிரித்தெடுக்க ஒரு வழி உண்டு என்று இழுத்து, அதைக் கண்டுபிடித்தது யார் என்பதை மட்டும் சொல்லாமல் நிறுத்திக்கொள்வார். வந்தவர் கேட்டுவிட்டால் போதும். "அட, அதெல்லாம் எதுக்குங்க!" என்பார். பிறகு முக்கால் மணி நேரம் சொல்வார்.

சொல்லத் தக்க பதக்கம்தான். வேதியியலில் பெரிதாகச் சாதித்தவர் கிடைத்தால்தான் கொடுப்பார்கள். பத்தொன்பது ஆண்டுகளில் கிடைத்தவர் இவர் ஒருவரே. அதை ஏன் வீட்டில் வைக்கவில்லை?

"வீட்டுல திருட்டுப் போயிடுமாம்," என்றார் ஒருமுறை ஆய்வகத்துக்கு வந்த அவர் மனைவி. "ஊரே திறந்து பாக்குற இழுப்பறையில பத்திரமா இருக்குமாம்."

போன மாதம் ஒரு கடிதம் வந்தது. இருபதாவது ஆண்டில் அதே பதக்கம், பக்கத்து மேசை அக்காவுக்கு. 'இவர் ஒருவரே' என்பது ஒரே காலையில் முடிந்துபோயிற்று.

"ரொம்ப சந்தோஷம்மா," என்றார் தலைவர். பொய் இல்லை, சந்தோஷம்தான். "ரிப்பன் சாயம் போகும். வெள்ளைத் துணியில படாம பாத்துக்க."

"இனிமே ரெண்டு இழுப்பறை வேணுமே சார்!" என்றார் குடுவை கழுவும் அண்ணன். தலைவர் சிரிக்கவில்லை. அன்றைக்கு வந்த ஏணிக்காரரிடம் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மின்விசிறி பத்தே நிமிடத்தில் சரியாகிவிட்டது.

நீங்கள் சிரிப்பது கேட்கிறது. உங்கள் வீட்டுக்கு வந்தவரிடம், "அந்தப் பரிசுக் கோப்பைக்குப் பின்னால ரிமோட் இருக்கு, எடுங்க" என்று நீங்கள் சொன்னதே இல்லையா? ரிமோட் அங்கே எப்படிப் போயிற்று?

பாராட்டுக் கூட்டத்தில் தலைவர்தான் பேச வேண்டும். உரையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதும் வேலை எனக்கு. அவரைப் பற்றி நான் எழுதியிருந்த பத்தியை அவரே அடித்தார்.

"இது அவங்க நாள்மா. என்னைப் பத்தி ஒரு வரிகூட வேண்டாம்."

கதவுவரை போனவர் திரும்பி வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நடுவுல தண்ணி குடிக்க நிறுத்துவேன். அப்ப நீ பின்வரிசையிலேர்ந்து, 'இதுக்கு முன்னாடி இது யாருக்குக் கிடைச்சுது சார்?'னு கேளு. இந்தத் தடவையாவது கேளும்மா."