கொண்டை வைத்த டைனோசர்

டைனோசர் வரைகிறவர்கள் என்றொரு இனம் உண்டு. சம்பளத்துக்கு வரைகிறவர்களைச் சொல்லவில்லை. பகலெல்லாம் தபால் நிலையத்திலோ பல் மருத்துவமனையிலோ வேலை பார்த்துவிட்டு, வியாழக்கிழமை மாலையானால் பென்சிலும் பீருமாகக் கூடி, பதினைந்து கோடி ஆண்டுகளுக்கு முன் செத்த பிராணியைத் தாங்களே தூக்கி வளர்த்ததுபோல் பேசி, சினிமா விளம்பரத்தில் டைனோசரின் உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்காமல் தரையைப் பார்த்திருந்தால் ஒரு வாரம் சாப்பாடு இறங்காமல் தவித்து, ஏதாவதொரு குழந்தை இறகில்லாமல் வரைந்து வந்தால் அதையும் அழவைத்து அனுப்புகிற ஆர்வலர்களைச் சொல்கிறேன். எங்கள் பவேரியக் கல்குவாரி ஊரில் பதினோரு பேர், கடைக்குட்டி நான். எலும்பின் முன்னால் நின்று வரைந்தவர்கள் எத்தனை பேர்? சைபர்.

தலைவர் எக்கார்ட். எங்கள் குவாரியில் கிடைத்த கோழியளவு டைனோசரின் எலும்புக்கூடு அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. பத்து வருடம் முன்பு அவர் அதை ஒரே ஒரு புகைப்படம் எடுத்தார். மூக்குக்கு மேல் மெல்லிய கோடு தெரிந்தது. "கொண்டை!" என்றார். புகைப்படத்தைப் பார்த்து அவர் வரைந்தார். அவரைப் பார்த்து மற்றவர்கள் வரைந்தார்கள். ஆளுக்கு ஆள் கொண்டை வளர்ந்தது. இன்றைக்கு அதைப் பார்த்தால் சேவலே வெட்கப்படும்.

இந்த வசந்தத்தில் அருங்காட்சியகத்தின் முகப்புச் சுவருக்கு ஒரு படம் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு எங்கள் சங்கத்துக்கு வந்தது. அங்கே கண்ணாடி துடைக்கும் யுட்டாவும் ஒன்று கொடுத்தாள். ஆறு வருடம், மதிய ரொட்டியைக்கூட அந்த எலும்பின் முன்னால் நின்று தின்று வரைந்த படம். அந்தச் சுவர்தான் அவளுடைய ஒரே ஆசை. படம் மூச்சுவிடுவதுபோல் இருந்தது.

"கொண்டை எங்கம்மா?" என்றார் எக்கார்ட்.

"எலும்புல இல்லையே சார்."

"பதினோரு பேரு வரைஞ்சிருக்கோம். எல்லாருமா குருடு?"

அவள் எங்களைக் கண்ணாடி முன்னால் கூட்டிப்போனாள். "இது கண்ணாடியில விழுந்த கீறல் சார். ரெண்டடி தள்ளி நின்னு பாருங்க, கொண்டை வாலுக்குப் போயிடும்."

தள்ளி நின்றேன். போய்விட்டது.

எக்கார்ட் அசையவில்லை. "நான் நிக்கிற இடத்துலருந்து சரியாத்தான் தெரியுது."

"யோவ், ஒரு அடி நகர்ந்துதான் பாரேன்யா!" என்றார் தபால்காரர் லோரென்ட்ஸ்.

"எதுக்கு? ஆணுக்குக் கொண்டை இருக்கும். இந்தப் பொண்ணு வரைஞ்சது பெட்டை. அவ்வளவுதான் விஷயம்."

எல்லோருக்கும் உயிர் வந்தது. எக்கார்டின் படத்துக்குப் பதினோரு கைகளும் உயர்ந்தன. லோரென்ட்ஸின் கையும் என் கையும்தான். என் நோட்டில் நாற்பது கொண்டைகள் இருக்கின்றனவே!

யுட்டா தன் படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு துணியை எடுத்தாள். "நல்லாத் துடைச்சு விடட்டுமா சார்? கொண்டை இன்னும் பளிச்சுனு தெரியும்."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் கொண்டை என்று நான் சொன்னதுமே உங்கள் மனசில் ஒன்று முளைத்ததே, எலும்பைப் பார்க்காமலே அதற்கு என்ன நிறம் கொடுத்தீர்கள்?