தேனிலவுக்குப் போன ஊர்

பெமிட்ஜி, ஜனவரி 19

மரியாதைக்குரிய அர்டிஸ் அக்காவுக்கு,

தம்பி மனைவி லவோன் எழுதுவது. நீங்களும் உங்கள் மூட்டுகளும் சுகமென நம்புகிறேன். இங்கே நான் சுகமில்லை. உங்கள் தம்பி வெர்லின் ஏரிக்கு மீன்பிடிக்கப் போய், பனிக்கட்டியில் வழுக்கி இடுப்பை முறித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடப்பது உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாத ஒன்றைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

கேஸ் கம்பெனி இனிமேல் காகித பில் அனுப்பாதாம், இணையத்தில்தான் கட்ட வேண்டுமாம். எப்போதும் அவர்தான் கட்டுவார். இந்தக் குளிரில் வீட்டைச் சூடாக்கும் கேஸை நிறுத்திவிட்டால் என்ன செய்வது என்று நானே உட்கார்ந்தேன். உள்ளே விட ஒரு ரகசியக் கேள்வி: தேனிலவுக்குப் போன ஊர் எது? ஃபார்கோ என்று அடித்தேன். தவறு என்றது. இன்னும் இரண்டு முறை அடித்ததும் பூட்டிக்கொண்டது. கம்பெனிக்குப் போன் செய்தால், கெய்லா என்று ஒரு பெண், ஊர் பெயரைத் தான் சொல்லக் கூடாது, ஆனால் நான் சொன்னது இல்லை என்றாள்.

“தேனிலவுக்குப் போனவளே நான்தாம்மா, எனக்குத் தெரியாதா?” என்றேன்.

“போன் பண்றவங்க எல்லாரும் அப்படித்தான் மேடம் சொல்றாங்க” என்றாள்.

எல்லாரும் என்றால் எத்தனை பேர்? அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. கல்யாணத்துக்கு முன் அவர் இரண்டு வருஷம் டுலூத் துறைமுகத்தில் வேலை பார்த்தாரே, அதைப் பற்றி இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை பேசியதுண்டா? தூண்டில் பெட்டி வரைக்கும் கிளறிப் பார்த்துவிட்டு, இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடுக்கிச் சுட்ட ஹாட்டிஷ் ஒன்று செய்து எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய், தேனிலவுக்கு எந்த ஊருங்க போனீங்க என்று நேராகவே கேட்டேன். வலி மருந்தில் பாதிக் கண்ணைத் திறந்து, “ஃபார்கோதான். ஆனா ரெண்டு தடவை” என்றார். திரும்பத் தூங்கிவிட்டார்.

நான் போனது ஒரு தடவைதான், அக்கா. ஹாட்டிஷைப் பக்கத்துக் கட்டில்காரரிடம் கொடுத்து, காரணத்தையும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இன்னொரு தடவை யாரோடு போனார்? உங்கள் கூடப் பிறந்தவர் என்று மூடி மறைக்காமல் எழுதுங்கள்.

தேவன் உங்களைக் குளிரிலிருந்தும் ஆண்களிடமிருந்தும் காக்கட்டும்.

லவோன்

பி.கு.: உறையை ஒட்டும் முன் அவரே போன் செய்தார். பதில் அடிக்கும் அந்தக் கட்டத்தில் எட்டு எழுத்துக்குக் குறைந்தால் ஏற்காதாம். ஆங்கிலத்தில் ஃபார்கோவுக்கு ஐந்துதான் என்பதால் அதையே இரண்டு தடவை அடித்து வைத்திருக்கிறார். கெய்லாவிடம் சொல்லிப் பூட்டைத் திறந்து பில் கட்டியாயிற்று. இன்னொரு ஹாட்டிஷும் கொண்டுபோனேன். ஆனால் பக்கத்துக் கட்டில்காரர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். “எழுபத்து மூணு வயசுல என் மேல சந்தேகப்பட ஒருத்தி இருக்கா” என்று இவர் நர்ஸ்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருக்கிறார். உங்களுக்கும் போன் செய்வார். டுலூத்தைப் பற்றிய என் சந்தேகமும் தீர்ந்துவிட்டது என்ற உண்மையை அவரிடம் சொல்லிவிடாதீர்கள், அக்கா. இடுப்பு சேரும்வரை சந்தோஷமாக இருக்கட்டும்.