ரூவியில் நான் பறித்த வேப்பம்பூ

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். ஆனால் போன மாதம் பேத்தி கல்யாணத்திலும் இந்தக் கதையை அரைகுறையாகச் சொல்லிச் சிரித்தார்கள். வயிறு எரிகிறது. முருகன் சாட்சியாக, நடந்தது இதுதான்.

எழுபதுகளில் மஸ்கட் ரூவியில் ஒரு கட்டடக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர் வேலை. எட்டாவது வரை படிப்பு. மூன்று குடும்பத்துக்கு ஒரே வீடு, ஒரே கழிப்பறை. எனக்குத் தனி வீடு கிடைக்க எங்கள் இன்ஜினியர் கையெழுத்துப் போட வேண்டும். திருச்சிக்காரர். அவரைச் சித்திரை முதல் தேதி சாப்பிட அழைத்தேன்.

வேப்பம்பூப் பச்சடி இல்லாமல் வருஷப்பிறப்பா? சைட்டுக்குப் பின்னால் ஒரு மரம் பூத்துக் குலுங்கியது. முந்தின நாளே அவரிடம் காட்டினேன்.

“சார், இது வேம்புதானே?”

“வேம்பேதான்யா! எங்க வீட்டு வாசல்லயே நிக்குது, எனக்குத் தெரியாதா?”

(இந்த வார்த்தையை மறந்துவிடாதீர்கள்.)

வீட்டில் மனைவி பூவைப் புரட்டிப் பார்த்தாள். “என்னங்க, ஊதாவா இருக்கு?”

“இந்த ஊரு உப்புத் தண்ணிக்கு அப்படித்தான் பூக்கும்.”

“இலையும் கிளைக்குள்ள கிளையா பிரியுதே. நம்ம வேம்பு ஒரே ஈர்க்குல ரெண்டு பக்கமும்தானே இலை விடும்? இது மலைவேம்பு மாதிரி இருக்குங்க.”

“இன்ஜினியரே சொல்லிட்டாரு. நீ பேசாம நெய்யில வறு!” (அன்று நான் பெரிய தாவர சாஸ்திரி.)

முருகனுக்குப் படைத்தோம். அவர் பார்த்ததோடு நிறுத்திக்கொண்டார். நானும் சாப்பிட்டேன்; இன்ஜினியர் இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். “கசப்பு பிரமாதம்மா!”

ஒரு மணி நேரம்தான். அவருக்கும் எனக்கும் வாந்தி, வயிற்றுப்போக்கு. ஒரே கழிப்பறை. அவர் உள்ளே, நான் வெளியே. எனக்குப் பின்னால் அவசரமாக மற்ற இரண்டு குடும்பங்கள்.

“சார், கொஞ்சம் சீக்கிரம்...”

“மாஃபி! முடியாதுய்யா! எனக்கு விஷம் வெச்சுட்டு அவசரம் வேறயா?”

தனி வீட்டு ஆசையை அந்தக் கதவடியிலேயே விட்டேன். ஆனால் மறுவாரம் கையெழுத்தாகி வந்தது. “அந்த வரிசையில மனுஷன் நிக்க முடியாதுய்யா” என்றார். நல்ல மனிதர்தான். ஆனால் அன்றிலிருந்து போகிற இடமெல்லாம், “மலைவேம்பைப் போட்டு என்னைக் கொல்லப் பார்த்தவன்” என்று என்னைக் காட்டினார். ‘வேம்பேதான்யா’வை மட்டும் விழுங்கிவிட்டார்!

இன்றும் நான் கீரை வாங்கி வந்தால் மனைவி கேட்கிறாள்: “இன்ஜினியர் பாத்தாச்சா?”

இதைப் படித்தவர்கள் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிச் சிரியுங்கள். ஆனால் ஒரு சொல் குறையாமல் சொல்லுங்கள். முக்கியமாக, அந்தத் திருச்சி வாசலை விட்டுவிடாதீர்கள்.