ஐந்தாவது விசில்

விடுமுறைக்குக் கடற்கரைப் பக்கம் போகிறவர்கள் பெட்டியில் என்ன வைக்க வேண்டும் என்று இந்தப் பெங்களூரில் முழுதாகத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் கடலையே பார்த்ததில்லை.

வீட்டில் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் இருந்தது. ஆபீஸில் எங்களுக்கு அவர் ‘ஸ்டோர்ஸ் சார்’. பேனா, பேப்பர், பிரிண்டர் மை எல்லாம் அடுக்கியிருக்கும் ஜன்னல் இல்லாத அறை அவருடைய ராஜ்ஜியம். தீர்ந்துபோன ரீஃபிலைக் காட்டினால்தான் புது ரீஃபில் கிடைக்கும். ஸ்டேப்ளர் பின் கேட்டால், கொலைக் கேஸ் மாதிரி விசாரணை நடக்கும்.

ஆனால் யாராவது கோவா போகிறேன், பாலி போகிறேன் என்று லீவு எழுதிவிட்டால் போதும், மனிதர் ஆளே மாறிவிடுவார். அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து ஒரு பழைய பிஸ்கட் டின் வெளியே வரும். அதற்குக் கையெழுத்து கிடையாது, விசாரணையும் கிடையாது. முதல்முறை அந்த டின்னைப் பார்த்தபோது, பாதியாக வெட்டிய ரப்பர் பந்து ஒன்றை எடுத்து, “இது என்ன சார், மீதிப் பாதி எங்க?” என்று கேட்டேன்.

“மீதி மேனேஜர்கிட்ட இருக்கு. ஓட்டல் வாஷ்பேசினுக்கு மூடி இருக்காதுப்பா. இதக் கவுத்துப் போட்டா தண்ணி நிக்கும், துணி அலசிக்கலாம்.”

பாலிக்குத் தேனிலவு போயிருந்த மேனேஜர் அங்கிருந்து போன் போட்டு, “சார், பந்து வேலை செய்யுது” என்று தகவல் சொன்னது எங்கள் ஆபீஸின் சரித்திரம்.

பந்தோடு முடியாது. மண் ஒட்டிய செருப்புக்கு மாட்ட ஷவர் கேப். காலில் ஒட்டிய மணலை உதிர்க்க முகப்பவுடர். கேமரா பைக்குள் போட, புது ஷூ டப்பாவில் வரும் சின்னச் சின்ன ஈரமுறிஞ்சிப் பொட்டலங்கள். இளநீர் வழுக்கைக்கு ஒரு ஸ்பூன். ஓட்டல் திரைச்சீலை நடுவில் விலகி வெயில் முகத்தில் அடித்தால் சேர்த்துக் குத்த சேஃப்டி பின். கடைசியாக ஒரு விசில்.

“ஆபத்துன்னா கத்த மாட்டோமா சார்?”

“சொல்ப நேரம் கத்தினா தொண்டை கட்டிக்கும். விசிலுக்குக் கட்டாது.”

இதெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும்? டூர் போய்த் திரும்புகிறவர்களை உட்காரவைத்து ஒரு மணி நேரம் கேட்பார். மணல் எத்தனை மணிக்குச் சுட ஆரம்பிக்கும், உப்புக் காற்றில் ஜிப் மாட்டிக்கொண்டதா, அலை திரும்பிப் போகும்போது காலுக்கடியில் எப்படி இருக்கும். கடைசிக் கேள்விக்குப் பதில் வரும்போது மட்டும் எதையும் குறித்துக்கொள்ள மாட்டார்.

இன்னொரு விசேஷம் அவருடைய தமிழ். நான் விழுப்புரத்திலிருந்து வேலைக்கு வந்த முதல் வாரம், கன்னத்தில் கை வைத்தபடி, “நாம நேத்து பல்லு புடுங்கிக்கிட்டோம்” என்றார். என் பற்களை நாக்கால் ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொண்டேன்.

பக்கத்து சீட் ரேவதிதான் விளக்கினாள். “கன்னடத்துல ‘நாவு’ன்னு ஒரே வார்த்தைதான். கேக்கறவங்களச் சேத்தாலும் அதான், சேக்காட்டியும் அதான். சார் படிச்சது பேசினது எல்லாம் கன்னடம். அவருக்கு நாங்க, நாம ரெண்டும் ஒண்ணு.”

காக்ஸ் டவுனில் அவரும் அக்காவும் ஒரு சின்ன வீட்டில் இருந்தார்கள். எதைச் சொன்னாலும் அக்காவையும் சேர்த்தே சொல்லிப் பழக்கம். அக்கா இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகும் திங்கட்கிழமை காலையில், “நாம நேத்து சர்ச்சுக்குப் போய்ட்டு வந்து தூங்கிட்டோம்” என்பார். நாங்கள் அந்த ‘நாம’வைப் பிடித்துக்கொண்டு ஆபீஸ் முழுக்கக் கேலி செய்தோம். அந்த வார்த்தைக்குள் இப்போது யார் யார் மிச்சம் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. நானும்தான்.

பிறகு நாங்கள் நான்கு பேர் அந்தமானுக்கு டிக்கெட் எடுத்தோம். நான் ஸ்டோர்ஸ் அறைக்குப் போய், “சார், அடுத்த மாசம் நாங்க அந்தமான் போறோம். டின்ன எடுங்க” என்றேன்.

அவர் டின்னை எடுக்கவில்லை. “நாமளா?” என்று கேட்டார்.

பின்னால் ரேவதி நின்றிருந்தாள். அவளைச் சிரிக்கவைக்கும் ஆசையில், அவர் குரலிலேயே, “ஆமா சார், நாமதான்” என்றேன். அவள் சிரித்தாள். ஸ்டோர்ஸ் சாரும் சிரித்தார். கேலி புரிந்துதான் சிரிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஒரு மாதமும் டின் நிரம்பிக்கொண்டே வந்தது. எல்லாவற்றிலும் ஐந்து. ஐந்து ஷவர் கேப், ஐந்து ஸ்பூன், கயிறு கோத்த ஐந்து விசில். ஸ்டோர்ஸ்காரர் அல்லவா, ஒன்று ஸ்பேர் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். எந்தத் தேதி, ஏர்போர்ட் பஸ்ஸுக்கு எங்கே சேர்கிறோம் என்று கேட்டார். சொன்னேன். முந்தின நாள் எங்கள் நால்வருக்கும் ஆளுக்கொரு பங்கு பிரித்துக் கொடுத்தார்.

கிளம்பும் நாள் காலை பத்து மணிக்கு எங்கள் பஸ் ஸ்டாப்பில் எங்களுக்கு முன்னால் ஒருவர் நின்றிருந்தார். பூப்போட்ட புதுச் சட்டை, புதுத் தொப்பி, கையில் சின்னப் பை, கழுத்தில் விசில்.

“டிக்கெட்டு உங்ககிட்டதானப்பா?” என்றார்.

ரேவதி செருப்பைப் பார்த்தாள். மற்ற இருவரும் பஸ் வருகிற திசையைப் பார்த்தார்கள். எனக்குத்தான் பார்க்க இடமில்லை.

“சார்... நாங்க...” என்றேன்.

அந்த ஒரு ‘நாங்க’ அன்றைக்கு அவருக்குப் புரிந்துவிட்டது. தொப்பியைக் கழற்றி மடக்கி மெதுவாகப் பைக்குள் வைத்தார். கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

“இது ஒண்ணு எங்கிட்டயே தங்கிடுச்சு. இதக் குடுக்கத்தான் நான் வந்தேன்.”

அவர் வாயில் நான் கேட்ட முதல் ‘நான்’ அது.

அந்தமானில் அத்தனை பொருளும் உதவின. பந்து தண்ணீரை நிறுத்தியது, பவுடர் மணலை உதிர்த்தது. அலை திரும்பிப் போகும்போது காலுக்கடியில் மணல் நழுவியது. ஊர் திரும்பியதும் அதைச் சொல்லத்தான் ஸ்டோர்ஸ் அறைக்கு ஓடினேன். அவர் டூர் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை.

“சார், ஒரு ஞாயித்துக்கிழமை மால்பே பீச்சுக்குப் போலாம். நாம. நிஜமாத்தான் சொல்றேன்.”

“எனக்கு வெயில் ஒத்துக்காதுப்பா” என்று சொல்லிவிட்டு, யாரோ கேட்ட ரீஃபிலை எடுக்கத் திரும்பிக்கொண்டார். அதன் பிறகு, “நான் சாப்ட்டேன்”, “நான் கிளம்பறேன்” என்று திருத்தமான தமிழ்தான். கேட்கச் சகிக்கவில்லை. நான்கே மாதத்தில் ரிட்டையர் ஆகி, கோலார் பக்கம் யாரோ உறவுக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார். போன் நம்பரும் மாறிவிட்டது.

கூட வந்தவர்கள் வேறு வேறு ஊருக்கு வேலை மாறிப் போய்விட்டார்கள். இங்கேயே பெங்களூர் ஈஜிபுராவில் ஒற்றை அறையில் இருக்கிற நான், விடுமுறைக்கு இப்போதெல்லாம் தனியாகத்தான் போகிறேன். பெட்டியில் பாதிப் பந்து, பவுடர், சேஃப்டி பின் எல்லாம் உண்டு. விசில் மட்டும் இரண்டு வைக்கிறேன்.

ஒன்று உங்களுடையது, சார். நாம இன்னும் போகவில்லை.